மலைச்சரிவில் ஒரு மின்காவல்

பாலக்காட்டுக் கணவாயை அடுத்த சித்தூர் தொடங்கி, தெற்கே இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீருமேடு ஈறாக, கேரளத்தின் கிழக்கெல்லை நெடுகிலும் தமிழ் ஒலிக்கக் கேட்கலாம். பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் பிழைப்பு நாடிச் சென்ற தமிழர் ரயிலேறிச் சென்றனர். மூணாற்றுக்குச் சென்றவர்களோ மலையேறிச் சென்றனர். நெல்லை, மதுரை, இராமநாதபுரம் சீமைகளினின்றும் கங்காணிமார் திரட்டிய அக்குடும்பங்கள், போடிநாயக்கனூரைக் கடந்து, குரங்கணி வழியே செங்குத்தான பாதையில் நடந்து போயின. அவர்கள் வழிவந்தோர் வாழும் மலையைப் பற்றியும், அம்மலை சரியும்முன் அறிந்துகொள்ள மேற்கொள்ளப்பட்ட ஒரு முயற்சியைப் பற்றியும் இங்கே கூற விழைகின்றேன். அம்முயற்சியின் வேர் கடல்கடந்த கலிபோர்னியாவில் இருக்கின்றது. அதன் பயன் நம்மவர் வீட்டு வாயிலில் இருக்கின்றது. ஆதலின் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியுள்ளது.

1877ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர், பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். காடு திருத்தப்பட்டுத் தேயிலைத் தோட்டமாயிற்று. தேயிலையைக் கீழே கொணர 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் அமைந்தது. 1908இல் அது சிறு ரயில் பாதையாக மாற்றப்பட்டது. மேல் நிலையத்திலிருந்து மலையடிவாரத்துக் கீழ் நிலையம் வரை கம்பிவடத்தில் பெட்டிகள் இறங்கின. 1924ஆம் ஆண்டு ஜூலையில் பெய்த பெருமழை அச்சிறு ரயிலுக்கு முடிவுகட்டியது. மலையாள ஆண்டு 1099இல் நிகழ்ந்தமையால் கேரள மக்கள் அதனைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று இன்றும் கூறுவர். மலைகள் சரிந்தன, ரயில் பாதை மீண்டும் அமைக்க இயலாதபடி அழிந்தது, பழைய மூணாறு உருக்குலைந்தது.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது, தேவிகுளமும் பீருமேடும் தமிழகத்தோடு சேர வேண்டுமென்று எழுந்த கோரிக்கை நிறைவேறவில்லை. அவை கேரளத்தில் அமைந்தன. 1972இல் இடுக்கி மாவட்டம் தோன்றியபோது அதன் பகுதிகளாயின. எல்லைக்கோடு எங்கு அமைந்தாலும், லயங்களில் வாழ்ந்த மக்களும் அவர்கள் மொழியும் மாறவில்லை. தலைக்கு மேல் நின்ற மலையும் மாறவில்லை. 2005ஆம் ஆண்டு ஜூலையில், மூணாறு நகரை ஒட்டிய அந்தோணியார் காலனி என்னும் குடியிருப்பின்மீது மண் சரிந்து உயிர்களைக் குடித்தது.

மலை ஏன் சரிகின்றது? மழைநீர் மண்ணுள் இறங்கி, மண்துகள்களுக்கிடையேயுள்ள நுண்ணிய துளைகளில் நிரம்புகின்றது. வடிவதைவிட விரைவாக நீர் வந்து சேருமாயின், துளைகளில் அழுத்தம் ஏறுகின்றது. ஒன்றையொன்று பற்றிநின்ற துகள்களை அவ்வழுத்தம் விலக்குகின்றது, பிடிப்புத் தளர்கின்றது. மரம் சாய்வதும், சுவர் பிளப்பதும், ஊற்றுநீர் கலங்குவதும் கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகள். அவை பெரும்பாலும் காலங்கடந்தே தோன்றுகின்றன. ஆனால் மண்ணுள் ஏறும் நீரழுத்தம் முன்னரே தன்னைக் காட்டிக்கொள்ளும். அதனைக் காண மலையின் உள்ளே ஒரு கண் வேண்டும்; கண்டதை உடனே சொல்ல ஒரு வாயும் வேண்டும்.

கம்பி இழுத்துக் கருவிகளை இணைக்கலாமே எனலாம். சரியும் மலையில் முதலில் அறுபடுவது கம்பியே ஆகும். ஆகவே கருவிகள் கம்பியின்றி, வானொலி அலைகளால் பேச வேண்டும். மின்சாரம் தடைபடும் நாளிலும் அவை உழைக்க வேண்டுமாதலின், சிறு பாட்டரிகளைக் கொண்டே மாதக்கணக்கில் உயிர்வாழ வேண்டும். சரிவெங்கும் பரப்பத்தக்க அளவுக்கு விலையும் குறைந்திருக்க வேண்டும். இந்நான்கு தேவைகளும் ஒருங்கே நிறைவேறுவது எளிதன்று.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி நகரத்துப் பேராசிரியர் கிறிஸ்டோபர் பிஸ்டர், 1990களின் பிற்பகுதியில் ஒரு கனவு கண்டார். உணர்வதற்கும் கணிப்பதற்கும் பேசுவதற்கும் வல்ல கருவியைத் தூசளவுக்குச் சுருக்கிவிட வேண்டும் என்பதே அது. அக்கருவிக்கு அவரும் தோழர்களும் வைத்த பெயரின் பொருள் 'துகள்' என்பதாகும். தூசளவுக்கு அது சுருங்கவில்லையாயினும், உள்ளங்கையில் அடங்கும் கருவிகள் விரைவிலேயே உருவாயின. அவற்றின் மூளையாக அமைந்தது நுண்கட்டுப்படுத்தி என்னும் ஒற்றைச் சில்லு. கணினியின் கணிப்பான், நினைவகம், கடிகாரம் ஆகிய யாவும் அச்சில்லிலேயே அடங்கும்.

இக்கருவிக் குடும்பத்தில் பிற்காலத்தில் வந்த 'மைக்காசெட்' என்பதையே எடுத்துக்கொள்வோம். அதன் நிரல்களை வைக்க 128 கிலோபைட் இடமும், வேலை செய்யும்போது பயன்படுத்த 4 கிலோபைட் நினைவகமும் இருந்தன. 4 கிலோபைட் என்பது எவ்வளவு? ஒரு தமிழ்க் குறியீட்டைக் கணினியில் எழுத இன்றைய வழக்கில் 3 பைட் வேண்டும். அக்கணக்கில் ஏறக்குறைய 1,365 குறியீடுகளே அதில் அடங்கும்; இக்கட்டுரையில் ஒருசில பத்திகளைக்கூட அக்கருவி ஒருங்கே நினைவில் கொள்ள இயலாது. மேசைக் கணினிகளின் இயங்குதளங்கள் எவையும் அதற்குள் நுழையா. இயங்குதளம் என்பது, ஒரு யந்திரத்தின் உறுப்புகளுக்கு வேலையைப் பங்கிட்டு, எது முன், எது பின் என்று ஒழுங்குசெய்யும் அடிப்படை நிரல் தொகுதியாகும். பெரிய மாளிகையின் நிர்வாகியைக் குடிசைக்கு அமர்த்துதல் ஆகாதன்றோ? குடிசைக்கேற்ற குடித்தனக்காரரே வேண்டும்.

அத்தகைய இயங்குதளம் ஒன்றை, பேராசிரியர் டேவிட் கல்லர் தலைமையில் ஜேசன் ஹில் முதலான மாணவர்கள் பெர்க்கிலியில் உருவாக்கினர். 'டைனிஓஎஸ்', அதாவது சிற்றியங்குதளம், என்பது அதன் பெயர். 2000ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வுரை, தம் இயங்குதளம் 178 பைட் நினைவகத்தில் அடங்கும் என்று அறிவித்தது. 2003இல் டேவிட் கே, பிலிப் லெவிஸ் முதலியோர் இதற்கென்றே அமைந்த 'நெஸ்சி' என்னும் நிரல்மொழியை விளக்கி எழுதினர். இயங்குதளம் முழுவதையும் எல்லாக் கருவிகளிலும் ஏற்றாமல், ஒரு பணிக்குத் தேவையான பகுதிகளை மட்டும் பொறுக்கி இணைத்துக்கொள்ள அம்மொழி வழிசெய்தது.

இச்சிற்றியங்குதளத்தின் தலையாய நற்குணம் உறங்கத் தெரிந்திருப்பதே எனலாம். மழைமானி அசைந்தது, கடிகாரம் அடித்தது, அயற்கருவி அழைத்தது என்று ஏதேனும் ஒன்று நிகழ்ந்தால் அது விழிக்கின்றது. வரிசையில் நிற்கும் வேலைகளை ஒவ்வொன்றாக முடிக்கின்றது. வரிசை தீர்ந்தவுடன் நுண்கட்டுப்படுத்தியை மீண்டும் உறங்க வைக்கின்றது. இதன் பயனைச் சிறு கணக்கால் அறியலாம். மைக்காசெட் விழித்திருக்கையில் அதன் நுண்கட்டுப்படுத்தி 8 மில்லியாம்பியரும், செவிசாய்த்திருக்கும் அதன் வானொலிப் பகுதி ஏறக்குறைய 20 மில்லியாம்பியரும் மின்னோட்டம் கொள்ளும். அதனை இயக்கும் இரண்டு சிறு பாட்டரிகளின் கொள்ளளவு 2,500 மில்லியாம்பியர்-மணி எனக் கொள்வோம். ஓயாது விழித்திருந்தால் அவை 90 மணிக்குள், அதாவது நான்கு நாள்களுக்குள், தீர்ந்துவிடும். நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்து மற்ற நேரமெல்லாம் உறங்கினால், அதே பாட்டரிகள் ஏறக்குறைய ஓராண்டு நிற்கும். கோடையில் அமைத்த காவல் ஐப்பசி மழையிலும் விழித்தெழுவது இவ்வுறக்கத்தின் தயவால்தான்.

மற்றொரு நற்குணம் கைமாற்றுதல். இக்கருவிகளின் குரல் நெடுந்தூரம் எட்டாது. திறந்த வெளியில் 100 மீட்டர் அளவே செல்லும். ஆகவே ஒரு கருவி தன் செய்தியை அண்டைக் கருவியிடம் ஒப்படைக்கின்றது. அது அடுத்ததனிடம் சேர்க்கின்றது. தீப்பிடித்த வீட்டை அணைக்க ஊரார் வரிசையில் நின்று குடங்களைக் கைமாற்றுவது போன்றதே இம்முறை. இடையில் ஒன்று செயலிழந்தால், மற்றவை வேறு வழி தேடிக்கொள்ளும்.

இனி, இவ்வியங்குதளத்தின் வரலாற்றில் மிக முக்கியமான செய்திக்கு வருகின்றேன். பெர்க்கிலியார் அதன் மூலநிரலைப் பூட்டிவைக்கவில்லை. மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்ட என்போன்றோருக்கு 'மூலம்' என்னும் சொல்லின் அருமை தெரியும். 'மூலமும் உரையும்' என்று நம் பழைய பதிப்புகளின் முகப்பில் அச்சிட்டிருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். உரை மட்டும் கையிலிருந்தால் உரையாசிரியர் சொன்னதையே நாம் நம்ப வேண்டும். மூலமும் இருந்தால் ஒப்பிடலாம், திருத்தலாம், புதிய உரையும் எழுதலாம். நிரல்களின் உலகிலும் அப்படியே. ஒரு யந்திரத்துடன் இயங்கும் நிலையிலுள்ள நிரலை மட்டும் விற்பவர் உரையை விற்கின்றார்; மூலநிரலையும் சேர்த்துத் தருபவர் மூலத்தைத் தருகின்றார். டைனிஓஎஸ்ஸை எவரும் பெறலாம், படிக்கலாம், மாற்றலாம், விலைக்கும் விற்கலாம். ஆக்கியோரின் உரிமைக் குறிப்பை மட்டும் நீக்கலாகாது. இதுவே அதன் உரிமத்தின் சாரம். இத்தகையவற்றைத் திறந்த மூல நிரல்கள் என வழங்குகின்றோம்.

திறந்த கதவின் வழியே உலகம் உள்ளே வந்தது. 2002இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்துக் கடற்கரைக்கு அப்பாலுள்ள கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் வளைகளில் 32 துகள்களை வைத்து வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்தனர். அதே காலத்தில் சுவீடன் நாட்டில் ஆடம் டன்கல்ஸ் என்பவர், 'கான்டிக்கி' என்னும் வேறொரு திறந்த மூலச் சிற்றியங்குதளத்தை எழுதினார். நுண்கட்டுப்படுத்திகளையும் இணைய முறைப்படி பேசவைக்க முடியும் என்பதை அது நிறுவியது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துத் திருத்தும் பழக்கம், சில ஆண்டுகளிலேயே இத்துறையைப் பல நாட்டாரின் பொதுச்சொத்தாக ஆக்கிற்று.

அப்பொதுச்சொத்து மூணாற்றுக்கும் வந்தது. பாலக்காட்டு எல்லையை அடுத்த எட்டிமடையில் தலைமையிடம் கொண்ட அம்ருதா விசுவ வித்யாபீடத்தின் ஆய்வாளர்கள், டாக்டர் மனீஷா ரமேஷ் தலைமையில், ஐரோப்பிய ஆணையம் பொருளுதவி செய்த 'வின்சாக்' என்னும் கூட்டாய்வில் பங்குகொண்டனர். தாம் அறிந்ததைச் சோதிக்க அவர்கள் தேர்ந்த இடம், 2005இல் மண் சரிந்த அதே அந்தோணியார் காலனி. 2008இல் முன்னோடிக் கருவிகளை நிறுவினர். 2009இல் அமைப்பை விரிவுபடுத்தினர். மலையில் துளையிட்டு, துளைநீர் அழுத்தமானிகளையும், ஈரமானிகளையும், சாய்வுமானிகளையும், நில அதிர்வைக் கேட்கும் கருவிகளையும் இறக்கினர். மேலே மழைமானியை வைத்தனர். இவற்றின் அளவுகளை வாங்கி அனுப்பும் பணியைக் கம்பியில்லாக் கணுக்கள் ஏற்றன. டைனிஓஎஸ்ஸுக்கென அமைந்த மைக்காசெட் வகைக் கருவிகள் அக்கணுக்களில் இடம்பெற்றன.

செய்தி சென்ற வழியும் அறியத்தக்கது. கணுக்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றிய அளவுகள், சரிவிலுள்ள ஒரு வாயிற்கருவியை அடைந்தன. அங்கிருந்து கம்பியில்லா இணைப்பால் அருகிலிருந்த களநிலையத்துக்குச் சென்றன. களநிலையம் அவற்றைச் செயற்கைக்கோள் வழியாக, கொல்லம் மாவட்டத்திலுள்ள பல்கலைக்கழக வளாகத்துக்கு அனுப்பிற்று. மூணாற்று மண்ணின் உள்ளே ஏறும் அழுத்தத்தைக் கடலோரத்தில் அமர்ந்திருக்கும் ஆய்வாளர் அப்போதே கண்டனர். 2009 ஜூலையில் கடும் மழை பெய்தபோது துளைநீர் அழுத்தம் ஏறியது தெரிந்தது. அதிகாரிகளுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. சரிவில் வாழ்ந்தோர் பாதுகாப்பான இடத்துக்கு நகருமாறு அறிவுறுத்தப்பட்டனர். அதன்பின் பல மழைக்காலங்களில் அவ்வமைப்பு பணிபுரிந்தது. அங்கே பெற்ற பட்டறிவைக் கொண்டு, சிக்கிமின் காங்டாக் நகரத்துச் சாந்த்மாரிச் சரிவிலும் இப்பல்கலைக்கழகத்தார் மின்காவல் அமைத்தனர்.

மூலம் திறந்திருந்தமையால் யாது பயன் விளைந்தது? கலிபோர்னியாவில் எழுதியோர் தென்மேற்குப் பருவமழையைக் கண்டவர் அல்லர். வெயிற்காலத்தில் அரிதாகவும் மழைக்காலத்தில் அடிக்கடியும் அளக்க வேண்டும். அழுத்தம் ஏற ஏற அளக்கும் வேகமும் ஏற வேண்டும். பாட்டரியும் தீராதிருக்க வேண்டும் என்னும் கட்டளைகளை, மூணாற்றை அறிந்தவர்களே வகுக்க முடியும். திறந்த மூலம் அவர்களுக்குப் பத்தாண்டு உழைப்பை இலவசமாக ஈந்தது; எஞ்சிய உழைப்பை இம்மண்ணுக்குச் செலவிட இடந்தந்தது.

எனினும் வரலாறு இங்கே நின்றுவிடவில்லை. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த ராஜமலையின் பெட்டிமுடியில் மலை இறங்கிற்று. உறங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் லயங்கள் மண்ணுள் புதைந்தன. காணாமற்போனோரையும் சேர்த்து 70 பேர் மாண்டனர். அவர்கள் தமிழர்கள், பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பகுதியை வேராகக் கொண்ட குடும்பத்தினர். பெருமழையால் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்தன. அதனால் இரவில் நேர்ந்த அழிவு மறுநாட் காலையிலேயே வெளியுலகுக்குத் தெரியவந்தது. வழியிலிருந்த பெரியவாரைப் பாலமும் பழுதுற்றிருந்தமையால் உதவி செல்லத் தாமதமாயிற்று.

அந்தோணியார் காலனிக்கு வாய்த்த காவல் பெட்டிமுடிக்கு வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் அனைவரும் பிழைத்திருப்பர் என்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஒரு சரிவில் பதித்த கருவிகள் அச்சரிவைப் பற்றி மட்டுமே பேசும். மலைநாடெங்கும் ஆயிரக்கணக்கான சரிவுகள் உள்ளன. ஆனால் ஒன்றைத் துணிந்து கூறலாம். கணுவிலிருந்து கணுவுக்குச் செய்தியைக் கைமாற்றும் வரிசையில், கடைசிக் கணு யந்திரம் அன்று, மனிதனே. அந்த இரவில் பெட்டிமுடியில் அறுந்து கிடந்தது அக்கடைசி இணைப்பு. அது அறுந்துபோனால், மலையின் உள்ளே எத்துணைக் கண்கள் விழித்திருந்தாலும் அவை கண்டது லயத்தின் கதவை எட்டாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2024 ஜூலை 30ஆம் நாள் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் பேரழிவு நேர்ந்தது. அதற்கு முந்திய நாளே, கல்பற்றையிலுள்ள ஹியூம் ஆய்வு மையம் ஆபத்தை அறிவித்திருந்தது. அதன் ஆதாரம் விலையுயர்ந்த கருவிகள் அல்ல. மாவட்டமெங்கும் இருநூறுக்கு மேற்பட்ட இடங்களில் பொதுமக்கள் நாள்தோறும் அளந்து சொன்ன மழையளவே ஆகும். அங்கும் அறிதல் முந்திற்று. அறிந்தது அனைவரையும் இல்லத்தினின்று எழுப்பவில்லை. யந்திரத்தின் வழியாயினும் மனிதரின் வழியாயினும், குறை ஓரிடத்திலேயே நிற்பதைக் காண்கின்றோம்.

டைனிஓஎஸ்ஸின் பிற்கால வரலாறும் நமக்கு ஒரு பாடம். அதன் 2.1.2ஆம் பதிப்பு 2012இல் வெளியாயிற்று; அதன்பின் அதன் வளர்ச்சி தளர்ந்தது. மைக்காசெட் கருவிகளைச் செய்த கிராஸ்போ நிறுவனம் அவ்வணிகத்தைப் பிறருக்கு விற்றுவிட்டது. மூலம் பூட்டப்பட்டிருந்தால் கற்றதெல்லாம் கடையோடு மூடப்பட்டிருக்கும். அவ்வாறு நேரவில்லை. சுவீடனில் தோன்றிய கான்டிக்கியின் மூலத்தை எடுத்து, 2017இல் வேறு சிலர் 'கான்டிக்கி-என்ஜி' என்று புதுப்பித்தனர். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் கூடி வளர்த்த 'ரயட்' 2013இல் வெளிவந்தது. 2016இல் லினக்ஸ் அறநிறுவனத்தின் அரவணைப்பில் 'செபிர்' தோன்றியது. ஒன்று தளர்ந்த இடத்தில் மற்றொன்று தோள்கொடுத்தது.

பெங்களூரிலும் புணேயிலும் ஐதராபாத்திலும் நிரல் எழுதும் தொழிலில் தமிழ் இளைஞர் மிகப் பலர் அமர்ந்துள்ளனர். மேற்சொன்ன இயங்குதளங்களின் மூலநிரல் யாவும் இன்று அவர்கள் மேசையில் திறந்து கிடக்கின்றன. உணர்கருவியையும் உறக்கத்தையும் கைமாற்றுதலையும் பற்றிய பகுதிகள் பெரும்பாலும் எழுதப்பட்டுவிட்டன. எழுதப்பட வேண்டியிருப்பது கடைசிப் பகுதி: தொலைபேசி ஓய்ந்துபோன மழையிரவில், மின்சாரமற்ற லயத்தின் சுவரில் தொங்கும் மலிவான சிறு கருவி விழித்தெழுந்து, உள்ளே உறங்கும் பாட்டிக்கும் பேரனுக்கும் விளங்கும் தமிழில், 'எழுந்து வெளியேறுங்கள், மேட்டுப் பாதையில் போங்கள்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். அவ்வெச்சரிக்கையை நம்பி எழுந்து நடக்கும் பழக்கமும், நடந்து சென்றால் தங்குவதற்கோர் உறுதியான இடமும் அம்மக்களுக்கு முன்கூட்டியே வாய்த்திருக்க வேண்டும். இவற்றுள் முதலாவது நிரலாளர் பொறுப்பு. மற்றவை தோட்ட நிர்வாகத்துக்கும் அரசாங்கத்துக்கும் உரிய பொறுப்பு. வழக்கமாக ஜூன் முதல் வாரத்தையொட்டித் தென்மேற்குப் பருவக்காற்று அம்மலையை அடைகின்றது. இவ்வேலைகளுக்குரிய காலக்கெடுவும் அதுவேயாகும்.